தொழுகையில் உடலின் பாரம்

தொழுகை உள்ளத்தின் வணக்கம் என்கிறோம். அது மெய்தான். ஆயினும் அவ்வுள்ளம் எலும்பும் தசையும் நரம்பும் மூட்டும் கூடிய ஓர் உடலுக்குள் இருந்துகொண்டே தொழுகிறது. நிற்பதும் குனிவதும் நெற்றியை நிலத்தில் வைப்பதும் மடங்கி அமர்வதும் உடலின் செயல்களே. ஆகவே தொழுகையின் வரலாற்றை எழுதப் புகுவோர், மனித உடலின் வரலாற்றையும் ஓரளவு எழுதியே தீர வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கடமையான ஐவேளைத் தொழுகைகளில் 17 ரக்அத்துகள் உள்ளன. ரக்அத்துக்கு ஒரு ருகூஉ, இரண்டு ஸுஜூது. எனவே நாளொன்றுக்கு 17 முறை இடுப்பு வளைகிறது. 34 முறை நெற்றி நிலத்தைத் தொடுகிறது. வலியுறுத்தப்பட்ட ஸுன்னத்து ரக்அத்துகள் பன்னிரண்டையும் சேர்த்தால் ஸுஜூதுகள் 58 ஆகின்றன. ரமளான் இரவில் 20 ரக்அத்துத் தராவீஹ் தொழுவோர் மேலும் 40 முறை சிரம் பணிகின்றனர். பத்து வயதுச் சிறுவனுக்கு இது விளையாட்டு. முப்பது வயது இளைஞன் இதனை எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஆனால் அறுபதைத் தாண்டியவரும், உடல் கனத்தவரும், முழங்கால் தேய்ந்தவரும் ஒவ்வொரு ஸுஜூதையும் எண்ணுகின்றனர். எழும்போது ஒரு பெருமூச்சு விடுகின்றனர்.

அந்தப் பெருமூச்சு நம் மார்க்க நூல்களின் காதில் விழுந்ததா? விழுந்தது. உடலின் பாரமும் கால்களின் இயலாமையும் நபிமொழித் தொகுப்புகளிலும் சட்ட நூல்களிலும் பெற்றுள்ள இடம் மிகப் பெரிது. அந்த வரலாற்றையே ஈண்டு சுருக்கமாகக் காண முற்படுகிறோம்.

மடங்கும் மூட்டுகள்

முதலில் உடலைப் பற்றிச் சில சொற்கள். சமதரையில் நடக்கும்போது நம் முழங்கால் சுமார் 60 பாகை அளவுக்கே மடங்குகிறது. நாற்காலியிலிருந்து எழவும் படியேறி இறங்கவும் 90 பாகையோ அதற்குச் சற்று மேலோ போதும். தொழுகையின் இருப்பில் குதிகாலுக்கும் தொடைக்கும் இடைவெளியே இல்லாதவாறு முழங்கால் மடங்குகிறது. அது சுமார் 150 பாகையை எட்டும். அதாவது மனித முழங்காலால் எவ்வளவு மடங்க முடியுமோ, ஏறக்குறைய அந்த எல்லை வரை தொழுகை அதனைக் கொண்டு செல்கிறது. அதே வேளையில் வலக்கால் விரல்கள் கிப்லாவை நோக்கி மடிந்து ஊன்றி நிற்க, இடப் பாதம் நிலத்தில் படிந்து உடலின் பாரத்தைத் தாங்குகிறது.

தரையில் அமர்ந்து பழகிய சமுதாயங்களில் இது சிறுவயதிலேயே இயல்பாகக் கைவந்துவிடுகிறது. பஞ்சாபில் பணியாற்றிய ஹாவலாக் சார்லஸ் என்னும் மருத்துவர், அப்பகுதி மக்களின் கால் எலும்புகளை ஆராய்ந்து 1893இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குந்தியும் தரையில் மடங்கியும் அமரும் பழக்கம் கணுக்கால் எலும்புகளில் தனித்த தடங்களைப் பதித்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் எவ்வாறு அமர்ந்தார் என்பதற்கு அவரது எலும்பே சான்று கூறுகிறது!

நாற்காலியும் மேசையும் கட்டிலும் பெருகிய வீடுகளில் அந்தப் பழக்கம் குறைகிறது. ஐந்து நேரத் தொழுகையைத் தவிர வேறெப்போதும் தரையில் அமராத முஸ்லிம்கள் இன்று ஏராளம். உடல் எடையும் கூடுகிறது. நடக்கையில் முழங்கால் ஏற்கும் சுமை உடல் எடையைவிடப் பன்மடங்கு. ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என 2005இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. கனத்த உடலும் இறுகிய மூட்டும் ஒருசேரத் தொழுகைப் பாயில் வந்து நிற்கும்போதுதான் இடர் தோன்றுகிறது.

அண்ணலாரின் இறுதி ஆண்டுகள்

பெருமானார் (ஸல்) அவர்கள் இரவுத் தொழுகையில் பாதங்கள் வீங்குமளவு நின்றார்கள் என்பதை நாம் அனைவரும் மேடைகளில் கேட்டிருக்கிறோம். அதே பெருமானாரின் உடலும் முதுமையைக் கண்டது என்பதை அத்துணை அடிக்கடி கேட்பதில்லை. ஆனால் அதனை உலகுக்கு எடுத்துரைத்தவர்கள் அவர்களுடைய வீட்டாரே.

அண்ணலார் இரவுத் தொழுகையை உட்கார்ந்து தொழுததைத் தாம் முன்னர்க் கண்டதில்லை என்றும், வயது முதிர்ந்த பின்னரே உட்கார்ந்து ஓதினார்கள் என்றும், ருகூஉ செய்ய நாடும்போது எழுந்து நின்று முப்பது அல்லது நாற்பது வசனங்கள் ஓதிவிட்டுக் குனிந்தார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். உடல் கனத்துப் பாரமான பின் அவர்களுடைய உபரித் தொழுகைகளில் பெரும்பாலானவை அமர்ந்தே நிகழ்ந்தன என்பதும் அன்னையாரின் வாக்கு. வயது முதிர்ந்து சதை கூடியபோது, இரவில் ஒன்பது ரக்அத்தாகத் தொழுதுவந்த வித்ரை ஏழாகக் குறைத்தார்கள் என்பதையும் அவர்களே கூறுகிறார்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களோ காலத்தையே குறித்து வைத்தார்கள். மறைவுக்கு ஓராண்டுக்கு முன்பு வரை பெருமானார் உபரித் தொழுகையை உட்கார்ந்து தொழக் கண்டதில்லை என்பது அவர்களுடைய அறிவிப்பு.

இவை வீட்டுக்குள் நிகழ்ந்தவை. பள்ளிவாசலில் நடந்ததை முஆவியா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ருகூஇலும் ஸுஜூதிலும் தம்மை முந்த வேண்டாம் என்று அண்ணலார் மக்களிடம் கூறினார்கள். தம் உடல் பாரமாகிவிட்டது என்பதை அதற்குக் காரணமாகவும் சொன்னார்கள். இமாம் மெதுவாகக் குனிகிறார். பின்னால் நிற்கும் இளைஞர்கள் விரைந்து குனிந்துவிடுகிறார்கள். இந்த இடைவெளியைத் தலைவர் தம் உடலின் நிலையை மறைக்காமல் எடுத்துச் சொல்லியே சீர்செய்தார்.

அண்ணலார் பயன்படுத்திய அச்சொல்லைக் குறித்து மொழி அறிஞர்களிடையே ஒரு வாதம் எழுந்தது. 'பதன்' என்னும் வேரிலிருந்து வரும் அச்சொல்லின் நடு எழுத்தை ஷத்து வைத்து அழுத்தி ஓதினால் 'முதுமையடைந்தேன்' என்று பொருள். அழுத்தாமல் ஓதினால் 'உடல் பருத்தேன்' என்று பொருள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பெரும் மொழி வல்லுநர் அபூ உபைது அல்காஸிம் இப்னு ஸல்லாம் (ரஹ்) அவர்கள், முதுமை என்னும் பொருளையே ஏற்றார்கள். பருத்த உடல் அண்ணலாரின் வருணனையில் இல்லை என்பது அவர்களுடைய வாதம். பின்வந்தோர் சிலர், சதை கூடியது என்று அன்னை ஆயிஷாவே தெளிவாகக் கூறியிருப்பதைச் சுட்டி, இரு பொருளும் பொருந்தும் என்றனர். ஒரு குறியின் அழுத்தத்துக்காக நூற்றாண்டுகள் விவாதித்த அந்த நேர்மையை நாம் போற்ற வேண்டும். தங்கள் தலைவரின் உடல் தளர்ந்ததையோ கனத்ததையோ மறைத்துவிட வேண்டும் என்று அவர்களில் எவரும் எண்ணவில்லை. அறிவிப்பு எதுவோ அதனைப் பொருளறிந்து காப்பதே அவர்களுக்குக் கடமையாக இருந்தது.

உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அவர்களின் அறிவிப்பு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வயது முதிர்ந்து சதை கூடிய பின், அண்ணலார் தம் தொழுமிடத்தில் ஒரு தூணை அமைத்துக்கொண்டு அதன்மீது சாய்ந்து தொழுதார்கள் என்கிறது அது. இச்செய்தி நமக்கு வந்து சேர்ந்த வழியும் சுவையானது. ஹிலால் இப்னு யஸாஃப் என்பவர் யூப்ரடீஸ் நதிக்கரையிலுள்ள ரக்கா நகருக்குச் சென்றார். நபித்தோழர் ஒருவரைக் காண விருப்பமா என்று நண்பர் கேட்க, இருவரும் வாபிஸா இப்னு மஅபது (ரலி) அவர்களிடம் சென்றனர். முதிய தோழரோ ஒரு கைத்தடியில் சாய்ந்தவாறு தொழுதுகொண்டிருந்தார். வந்தவர்கள் அதைப் பற்றிக் கேட்டனர். அதற்கு விடையாகவே உம்மு கைஸின் அறிவிப்பை அவர் எடுத்துச் சொன்னார். ஒரு முதியவரின் கைத்தடி ஒரு நபிமொழியை நமக்குப் பெற்றுத் தந்தது! அபூதாவூது (ரஹ்) அவர்களின் தொகுப்பில் இதனைக் காணலாம்.

தோழர்களின் கால்கள்

உமர் (ரலி) அவர்களின் மைந்தர் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், அண்ணலாரின் ஒவ்வோர் அசைவையும் அடியொற்றி நடந்தவர்கள் என்று புகழ்பெற்றவர்கள். பயணத்தில் அண்ணலார் இறங்கிய இடத்தில் தாமும் இறங்குவார்கள். தொழுத இடத்தைத் தேடித் தொழுவார்கள். இத்தகையவர் தொழுகையின் இருப்பில் கால்களைக் குறுக்காக மடித்து, நாம் 'சம்மணம்' என்கிறோமே, அவ்வாறு அமர்ந்தார்கள். அவர்களுடைய மகன் அப்போது இளைஞர். தந்தையைப் பார்த்து அவரும் அவ்வாறே அமர்ந்தார். தந்தை தடுத்தார்கள். வலப் பாதத்தை நட்டு, இடப் பாதத்தை மடித்து அமர்வதே தொழுகையின் ஸுன்னத்து என்று கற்பித்தார்கள். தாங்கள் மட்டும் இப்படி அமர்கிறீர்களே என்று மகன் கேட்டார். தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்று தந்தை விடையளித்தார்கள்.

ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற இந்தச் சிறு உரையாடல் ஒரு பெரும் சட்டவிதியை அடக்கியிருக்கிறது. இயலாதவரின் தொழுகை சரியானது; ஆனால் அது இயன்றவருக்கு முன்மாதிரி ஆகாது. தந்தை தம் இயலாமையை ஸுன்னத்தாக்கவும் இல்லை. ஸுன்னத்தைக் காட்டித் தம்மை வருத்திக்கொள்ளவும் இல்லை. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் கைபருக்குச் சென்றபோது அவர்கள் தாக்கப்பட்டு, கையும் காலும் மூட்டு பிசகின என்பதும் அதே புகாரியில் வேறோர் இடத்தில் பதிவாகியுள்ளது.

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் மூலநோயால் துன்புற்றவர்கள். தாம் எவ்வாறு தொழுவது என்று அண்ணலாரிடமே கேட்டார்கள். நின்று தொழ வேண்டும், இயலாவிடில் உட்கார்ந்து, அதுவும் இயலாவிடில் பக்கவாட்டில் படுத்து என்று விடை கிடைத்தது. சட்ட நூல்களில் 'நோயாளியின் தொழுகை' என்ற பாடம் முழுவதும் இந்த மூன்று படிகளின் மேல் கட்டப்பட்டதே. அண்ணலார் தாமே குதிரையிலிருந்து விழுந்து விலாப்புறம் சிராய்த்தபோது, நலம் விசாரிக்க வந்த தோழர்களுக்கு அமர்ந்தவாறே தொழுவித்ததும் வரலாறு.

இன்னொரு நிகழ்ச்சி இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்ததை அண்ணலார் கண்டார்கள். அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் களைத்துப்போகும்போது பற்றிக்கொள்வதற்காகக் கட்டியது என்று தெரிந்தது. அதை அவிழ்த்துவிடச் சொன்னார்கள். உற்சாகமுள்ளவரை நின்று தொழட்டும். களைத்தால் உட்காரட்டும் என்பது அவர்களுடைய கட்டளை. தாம் முதுமையில் தூணில் சாய்ந்தவர்களே, களைப்பை வெல்லக் கயிறு கட்டுவதைத் தடுத்தார்கள். உடலுக்குத் துணை தேடுவது வேறு. உடலோடு போர் தொடுப்பது வேறு.

அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் கனத்த உடலும் மெதுவான நடையும் கொண்டவர்கள். ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவிலிருந்து கூட்டத்தின் நெருக்கடிக்கு முன்பே இரவில் புறப்பட அனுமதி கேட்டார்கள், அனுமதி கிடைத்தது. அதைப் பார்த்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், தாமும் அவ்வாறு கேட்டிருக்கலாமே என்று பிற்காலத்தில் ஏங்கினார்கள். கனத்த உடலுக்குக் கிடைத்த சலுகையைக் கண்டு மெலிந்தவர் ஏங்கினாரே தவிர, ஏளனம் செய்யவில்லை.

இமாம்களின் ஆய்வு

உடலின் பாரம் பற்றிய இந்த அறிவிப்புகள், பின்னர் மத்ஹபுகளின் கருத்து வேறுபாட்டிலேயே ஒரு திறவுகோலாக அமைந்தன. நம் ஊர்ப் பள்ளிகளில் நாம் அன்றாடம் காணும் ஒரு வேறுபாட்டை எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பான்மையோர் ஷாபிஈ மத்ஹபினர். உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீ மத்ஹபினர் மிகுதி. முதல் ரக்அத்தின் இரண்டாம் ஸுஜூதை முடித்தபின், ஷாபிஈ ஒருவர் ஒரு கணம் அமர்ந்து, கைகளை நிலத்தில் ஊன்றி எழுவார். ஹனஃபீ ஒருவர் அமராமல், கைகளை நிலத்தில் ஊன்றாமல், பாதங்களின் முன்பகுதியில் நேரே எழுவார். அந்த ஒரு கண இருப்புக்கு 'ஜல்ஸத்துல் இஸ்திராஹா' என்று பெயர். ஓய்வு இருப்பு எனலாம்.

இந்த இருப்பை அறிவித்தவர் மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி). இளைஞர்கள் சிலருடன் மதீனாவுக்கு வந்து, இருபது இரவுகள் தங்கி அண்ணலாரின் தொழுகையைக் கண்டு சென்றவர். அவர் கண்டது தொழுகையின் ஒழுங்கா, கனத்த உடலின் தேவையா? இதுதான் வினா. எகிப்தின் இமாம் தஹாவி (மறைவு கி.பி. 933) அவர்கள், ஏதேனும் ஓர் உடல்நலக் குறைவால் அண்ணலார் அவ்வாறு அமர்ந்திருக்கக்கூடும் என்றார்கள். புகழ்பெற்ற 'ஹிதாயா'வை இயற்றிய மர்கீனானி (மறைவு 1197) அவர்கள், அது முதுமைக் காலத்து நிகழ்வு என்று விளக்கி, ஓய்வுக்கான இருப்புக்குத் தொழுகையில் இடமில்லை என்றார்கள்.

ஷாபிஈ மத்ஹபினர் இதை ஏற்கவில்லை. இப்னு ஹஜர் அஸ்கலானி (மறைவு 1449) அவர்களின் விடை கூர்மையானது. தாம் தொழுவதைக் கண்டவாறே தொழுமாறு அண்ணலார் இட்ட கட்டளையை அறிவித்தவரும் இதே மாலிக் இப்னுல் ஹுவைரிஸ்தான். எனவே அவர் கண்ட அசைவுகள் அந்தக் கட்டளைக்குள் அடங்கும் என்றார்கள். ஹன்பலீ மத்ஹபின் பேரறிஞர் இப்னு குதாமா (மறைவு 1223) அவர்கள், இருவருக்கும் நடுவே ஒரு வழியை எடுத்துரைத்தார்கள். பலவீனர் தம் தேவைக்காக அமரட்டும். பலமுள்ளவர் நேரே எழட்டும். இதனால் எல்லா அறிவிப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

அமரும் முறையிலும் இதே வாதம் தொடர்கிறது. இடப் பாதத்தை விரித்து அதன்மேல் அமர்வது 'இஃப்திராஷ்'. இடப் பாதத்தை வலப்புறம் வெளியே தள்ளி, இருப்பிடத்தை நிலத்தில் வைத்து அமர்வது 'தவர்ருக்'. ஹனஃபீ ஆண்கள் எல்லா இருப்பிலும் முதல் முறையைக் கைக்கொள்கின்றனர். பெண்களுக்கு இரண்டாம் முறை. மாலிகீகள் எல்லா இருப்பிலும் தவர்ருக். ஷாபிஈகளுக்கு நடு இருப்பில் இஃப்திராஷ், கடைசி இருப்பில் தவர்ருக். அபூ ஹுமைது அஸ்ஸாஇதி (ரலி) அவர்கள் தோழர்கள் குழுமியிருந்த அவையில் விளக்கிக் காட்டியது இதற்கு ஆதாரம். இமாம் நவவி (மறைவு 1277) அவர்கள் இதன் நயத்தையும் கூறுகிறார்கள். நடு இருப்பு குறுகியது, விரைவில் எழ வேண்டியது. ஆகவே எழுவதற்கு எளிய அமைப்பு. கடைசி இருப்பு நீண்டது, துஆவுக்குரியது. ஆகவே நிலைத்து அமரும் அமைப்பு. ஹிதாயாவோ, தவர்ருக் பற்றிய அறிவிப்பையும் முதுமைக் காலத்துக்கு உரியதாகக் கொள்ளலாம் என்கிறது.

ஸுஜூதுக்கு இறங்கும்போது முதலில் நிலத்தைத் தொடுவது முழங்காலா, கையா? வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அவர்களின் அறிவிப்பு முழங்காலை முற்படுத்துகிறது. அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்போ, ஒட்டகம் படுப்பது போல் இறங்க வேண்டாம், கைகள் முந்தட்டும் என்கிறது. ஒட்டகத்தின் முழங்கால் அதன் முன்னங்கால்களில்தானே உள்ளது என்று ஒரு சாரார் கேட்க, அந்த அறிவிப்பில் சொற்கள் முன்பின்னாக மாறியிருக்க வேண்டும் என்று இப்னுல் கையிம் (மறைவு 1350) வாதிட்டார். எந்த முறையில் இறங்கினாலும் தொழுகை நிறைவேறும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. முழங்கால் நோயுள்ளவருக்குக் கைகள் முந்துவது எளிதென்றால், அதற்கும் நபிமொழியின் நிழல் உண்டு.

இருப்பின் மூன்றாம் வகை 'இக்ஆ'. இரு பாதங்களையும் நட்டு, குதிகால்களின்மேல் அமர்வது. மாணவர் தாவூஸ் இது பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்டார். அது ஸுன்னத்து என்று விடை வந்தது. இதைக் கடுமை என்று கருதுகிறோமே என்றார் தாவூஸ். எதற்குக் கடுமை? அங்கே உள்ள சொல்லை 'ரஜுல்' என்று ஓதினால் 'மனிதருக்கு'; 'ரிஜ்ல்' என்று ஓதினால் 'காலுக்கு'. ஸ்பெயினின் பேரறிஞர் இப்னு அப்துல் பர்ரு 'கால்' என்றே கொண்டார். பெரும்பான்மையோர் 'மனிதர்' என்று கொண்டனர். காலுக்கு வந்த வருத்தம் மனிதருக்கு வந்த வருத்தம்தானே! இரு வாசிப்பும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன.

நாற்காலி வந்த பின்

தொழுகை மூட்டுகளுக்கு வருத்தம் மட்டுமா தருகிறது? இப்னுல் கையிம் தம் நபிவழி மருத்துவப் பகுதியில், நிற்றல், குனிதல், சிரம் பணிதல், அமர்தல் ஆகிய மாறி மாறி வரும் நிலைகளால் பெரும்பாலான மூட்டுகள் அசைகின்றன என்றும், இரைப்பை, குடல் முதலிய உள்ளுறுப்புகளும் பயிற்சி பெறுகின்றன என்றும் எழுதியுள்ளார். நாள்தோறும் மடங்கும் மூட்டு மடங்கும் ஆற்றலைக் காத்துக்கொள்கிறது என்பது கண்கூடு. சிறுவயது முதல் தொழுதுவந்த மெலிந்த உடலுடைய முதியவர்கள், தொண்ணூறு வயதிலும் தரையில் மடங்கி அமர்வதை நம் ஊர்களில் காண்கிறோம்.

ஆயினும் மூட்டு தேய்ந்த பின் நிலைமை வேறு. 1970களில் முழங்கால் மாற்று அறுவை மேலைநாடுகளில் நிலைபெற்றது. அங்கே வேண்டியதெல்லாம் நடக்கவும், படியேறவும், நாற்காலியில் அமரவும் ஆன ஆற்றலே. எனவே அந்தச் செயற்கை மூட்டுகள் பொதுவாக 110, 120 பாகை அளவுக்கே மடங்கின. தொழுகை இருப்புக்கு அது போதவில்லை. ஆசிய நாடுகளிலும் அரபு நாடுகளிலும் தரையில் அமர்வோரின் தேவையை உணர்ந்து, அதிகம் மடங்கத்தக்க மூட்டுகள் 1990களின் இறுதியிலிருந்து வடிவமைக்கப்பட்டன. அவையும் எல்லாருக்கும் முழு மடக்கைத் தந்துவிடவில்லை. நோயால் மூட்டு இறுகியவரும், அறுவை செய்துகொண்டவரும், உடல் கனத்தவரும் பள்ளிவாசலில் நாற்காலியை நாடுகின்றனர்.

இவர்களில் பலருடைய நிலை ஒரு தனிப்பட்ட சட்ட வினாவை எழுப்புகிறது. அவர்களால் நிற்க முடிகிறது. மடங்கிச் ஸுஜூது செய்ய மட்டும் முடியவில்லை. அவர்கள் நிற்க வேண்டுமா? ஹனஃபீ நூல்களின் விடை: நிற்பது ஸுஜூதுக்குக் கொண்டுசெல்லும் வழி; ஸுஜூது இயலாதபோது நிற்பதும் கடமையாக நீடிப்பதில்லை; அமர்ந்து சைகையால் தொழலாம். ஷாபிஈ நூல்களின் விடை: நிற்பது தனியொரு கடமை, ஒன்று இயலவில்லை என்பதால் இயன்ற மற்றொன்று விழுந்துவிடாது, ஆகவே நிற்க வேண்டிய இடத்தில் நின்று, ஸுஜூதுக்கு உரிய இடத்தில் மட்டும் அமர்ந்து சைகை செய்ய வேண்டும். ஸுஜூதுக்கான சைகை ருகூஉக்கான சைகையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். ஒரே வரிசையில் நாற்காலியருகே ஒருவர் நிற்பதையும், மற்றொருவர் தொடக்கம் முதலே அமர்ந்திருப்பதையும் கண்டு, ஒருவர் தவறிழைக்கிறார் என முடிவு செய்துவிடக் கூடாது. இருவருக்குப் பின்னாலும் நூற்றாண்டுகளின் ஆராய்ச்சி நிற்கிறது. தமக்குரிய விடையைத் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டறிவதே ஒவ்வொருவருக்கும் நலம்.

இரு கடமைகள்

இந்த வரலாறு நம்மிடம் எதைக் கோருகிறது? இயன்றவர்களிடம் ஒன்றும், இயலாதவர்களிடம் ஒன்றும் கோருகிறது.

இயன்ற இளைஞர்கள், தங்கள் கால்களின் இளக்கத்தை இறைவன் தந்த அமானிதமாகக் கருத வேண்டும். நாற்பது வயதிலேயே நாற்காலி தேடும் அளவுக்கு உடலைக் கனக்கவிடுவது, எழுபது வயதின் ஸுஜூதை இன்றே விற்றுவிடுவதாகும். வீட்டில் ஒரு வேளையேனும் பாய் விரித்துத் தரையில் அமர்ந்து உண்பதும், பிள்ளைகளை அவ்வாறு பழக்குவதும் பழமைப் பிடிப்பு அன்று. தொழும் கால்களைக் காக்கும் வழி. கடமையான தொழுகையில், இயன்றவர் அலுப்பின் காரணமாக அமர்ந்துவிட எந்த மத்ஹபும் இடம் தரவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது.

இயலாத பெரியவர்களும் தாய்மார்களும் தங்கள் நிலைக்காக நாணத் தேவையில்லை. முழங்கால் மடங்கவில்லை என்பதற்காகச் சிலர் ஜமாஅத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர், மருத்துவர் தடுத்தும் கேளாமல் வலியோடு மடங்கி, எழ இயலாமல் பிறர் தூக்கிவிடும் நிலைக்கு ஆளாகின்றனர். இரண்டுமே அண்ணலார் காட்டிய வழியன்று. உட்கார்ந்து தொழுபவருக்கு நின்று தொழுபவரின் நன்மையில் பாதி என்று வந்துள்ள நபிமொழி, நிற்க இயன்றும் உபரித் தொழுகையில் அமர்பவரைக் குறித்தது என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். நோயுற்றவருக்கு அவர் நலமாயிருந்தபோது செய்துவந்த நற்செயலின் கூலியே எழுதப்படும் என்பது புகாரியில் உள்ள நற்செய்தி. நாற்பது ஆண்டுகள் முதல் வரிசையில் நின்ற மனிதர் இன்று நாற்காலியில் அமர்ந்தால், அவருடைய ஏட்டில் அந்த முதல் வரிசையே தொடர்ந்து எழுதப்படுகிறது.

நின்றும் அமர்ந்தும் பக்கவாட்டில் சாய்ந்தும் தன்னை நினைவுகூர்வோரைத் திருமறை (3:191) ஒரே தொடரில் சேர்த்துப் புகழ்கிறது. அந்த மூன்று நிலைகளும் ஒரே மனிதரின் வாழ்வில் ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடியவை. இன்று நிற்பவர் நாளை அமர்வார். அமர்ந்திருப்பவருக்கு வரிசையில் அன்போடு இடம் ஒதுக்கித் தருகிறவர், நாளைய தம் இடத்தையே ஒதுக்கி வைக்கிறார்.